பதினேழாம் எண்ணின் வாய்

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை, அந்த மொழிபெயர்ப்பாளர் பெண் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்குள் கால் வைத்தபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அடிமைகளாக விற்கப்பட்டுக் கடல் கடந்து போனவர்களின் மொழிகள் என்னவாயின என்று ஆராயும் துறை அது. அவளுக்கு ஏழு மொழி தெரியும் என்பதால் வலியக் கூப்பிட்டு வேலை கொடுத்திருந்தார்கள்.

நிலவறையில் ஆவணக் காப்பாளர் காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூக்கைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்.

மரப்பெட்டியைத் திறந்ததும் ஏனென்று விளங்கிவிட்டது. நாள்கணக்கில் பட்டினி கிடந்தவர் வாயைத் திறந்தால் அடிக்குமே ஒரு புளித்த நாற்றம், அது குப்பென்று முகத்தில் வந்து மோதியது.

உள்ளே, மஞ்சள் மெழுகில் நாற்பத்தொரு அச்சுகள். அத்தனையும் மனிதர்களின் மேலண்ணம். ஓரமெல்லாம் பல் பதிந்த குழிகள். துறையைத் தொடங்கிவைத்த பேராசிரியர், கப்பலிலிருந்து இறக்கப்பட்டவர்களின் வாயில் சுடச்சுட மெழுகை அழுத்தி எடுத்தவை. எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே தொடுகிறது என்று பார்க்கவாம். பெயர்கள் இல்லை, வெறும் எண்கள். கூடவே ஒரு குறிப்பேடு.

‘எண் பதினேழு. பெண். மொழி தெரியவில்லை. வாயைத் திறக்க மறுத்தாள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அச்சு அருமையாக வந்திருக்கிறது.’

அந்தக் கடைசி வரியை அவள் இன்னொரு முறை படித்தாள்.

பதினேழை எடுத்தாள். ஈரமாக இருந்தது. பஞ்சால் ஒற்றினாள். குழிகளில் மறுபடியும் எச்சில் ஊறி, கையுறையோடு நூல் நூலாக இழுபட்டது.

“அக்கா, இது...”

“துடைக்காதீங்க.” காப்பாளர் கிசுகிசுத்தார். “துடைக்கத் துடைக்க ஊறும். பன்னிரண்டு வருஷமா பார்க்கிறேன். மேல சொன்னா, ஈரக்காத்துன்னு சொல்லி என் வாயை அடைச்சிட்டாங்க.”

ஈரக்காற்றாகவே இருக்கட்டும்.

ஆனால் அது வெதுவெதுப்பாகவும் இருந்தது.

மாடியேறிப் போய்த் துறைத்தலைவரிடம் சொன்னாள். “சார், நாளைக்குக் கண்காட்சியில இதை வைக்க வேண்டாம். பலவந்தமா எடுத்தது. மரியாதையா அடக்கம் பண்ணிடலாம்.”

“மெழுகுக்கு அடக்கமா?” அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “ஆராய்ச்சிக்கு வந்துட்டு அருவருப்புப் பட்டா எப்படிம்மா? நம்ம துறைக்கே இதுதான் பொக்கிஷம்.”

மறுநாள் மதியம் கண்காட்சிக்கு விருந்தினர்கள் வந்தார்கள். ஒரு கையில் பழரசமும் மறு கையில் பதினேழுமாகத் துறைத்தலைவர் நடுவில் நின்றார். கூட்டத்தைச் சிரிக்கவைக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

“அவங்க வாயும் நம்ம வாயும் ஒண்ணுதான். பாருங்க, எப்படிப் பொருந்துதுன்னு!”

அதை வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

சப்பென்று ஒட்டிக்கொண்டது.

யாரோ கை தட்டினார்கள். அவர் விரலை விட்டு நெம்பினார். நகம் வழுக்கியது. உருகிய மெழுகும் எச்சிலும் தாடியில் வழிந்து சட்டையில் சொட்டின. தொண்டை ஏறி இறங்க, ஏறி இறங்க, விழுங்கிக்கொண்டே இருந்தார்.

பிறகு பேசினார்.

பெண் குரல்.

அவளுக்குத் தெரிந்த ஏழு மொழியில் எதுவும் அது இல்லை.

மருத்துவமனையில் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். மெழுகு இருந்த தடயமே இல்லை. குரல் மட்டும் ஓயவில்லை. நான்காம் நாள் துணைவேந்தர் அவளைத் தொலைபேசியில் பிடித்தார்.

“வழக்கொழிஞ்ச மொழியா இருக்கும்னு சொல்றாங்களே! ஒலிப்பதிவுக் கருவியோட உடனே போங்க. இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு தடவை கிடைக்குமா?”

இந்தப் பேச்சுக்குப் பெட்டியின் நாற்றமே தேவலை என்று தோன்றியது அவளுக்கு. போனாள். வெறுங்கையோடு போனாள்.

பொது வார்டு. பகல் மூன்று மணி. மற்ற ஆறு கட்டில்களிலும் நோயாளிகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். துறைத்தலைவரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாலு நாளா வாயை மூடலம்மா. பச்சைத் தண்ணி இறங்கல. உள்ள பேசுற அந்தப் பொண்ணுக்கு என்னதான் வேணும்னு கேட்டுச் சொல்லேன்.”

அவர் நாக்கில் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. பக்கத்தில் போகவே அதே புளித்த நாற்றம் அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

என்ன கேட்பது, எந்த மொழியில் கேட்பது? குறிப்பேட்டுப் பேராசிரியர் கேட்காமல் விட்டது ஒன்றுதான். தன் நெஞ்சில் கை வைத்துத் தன் பெயரைச் சொன்னாள். பிறகு அந்த வாயை நோக்கிக் கையை நீட்டினாள்.

குரல் சட்டென்று நின்றது.

பிறகு ஒரே ஒரு சொல் வந்தது. அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். தப்பு போலிருக்கிறது, குரல் பொறுமையாக மறுபடி சொன்னது. மூன்றாம் தடவை சரியாகச் சொல்லிவிட்டாள்.

துறைத்தலைவரின் வாய் மெல்ல மூடிக்கொண்டது. மனைவி விம்மி விம்மி அழுதாள்.

அப்பாடா என்று அவள் நிமிர்ந்தாள்.

முதுகுக்குப் பின்னால் உதடுகள் பிரியும் ஈரச் சத்தம்.

ஆறு கட்டில்களிலும் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். கண்கள் மூடியபடி, வாய்கள் மட்டும் அகலத் திறந்து அவள் பக்கம் திரும்பியிருந்தன. அந்தப் புளித்த நாற்றம் வார்டு முழுவதும் நிறைந்தது. பெட்டியில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள், யாரும் பெயர் கேட்காதவர்கள்.

வாசலை நோக்கி ஓடினாள்.

அங்கே மருந்துத் தட்டோடு நின்ற நர்ஸின் வாயும் திறந்திருந்தது. கீழுதட்டிலிருந்து ஒரு மஞ்சள் நூல், மெதுவாக, தட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.