நான்காவது ஏவுகணை

1984 மார்ச் 14, பகல் 12:42. சோவியத் வடகடலோர ரேடார் நிலையத்தில் அபாயச் சங்கு அலறியது. அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகத் திரை காட்டியது. அறையில் தனியாக இருந்த கேப்டன் சிச்சோவ் உடனே மாஸ்கோவுக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இயந்திரத்தையே அணைத்துவிட்டார். வானத்திலிருந்து எதுவும் விழவில்லை.

பிற்பகல் 3:10. ராணுவப் புலனாய்வாளர் மேஜர் அக்லாயா பூட்ஸில் பனிச்சேறு அப்பியிருக்க உள்ளே நுழைந்தார். நிலையத் தலைவர் கர்னல் பஷேனின் கொதித்துக்கொண்டிருந்தார்.

“துரோகி, தோழர் மேஜர்! நாலு ஏவுகணை வருது, இவன் ஃபோனைத் தொடல!”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“வீட்ல. சங்கு கேட்டு ஓடி வந்தேன். திரை அணைஞ்சு கெடந்தது. இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இழுத்து அடைச்சிட்டு, அறைக்கு சீல் வெச்சிட்டேன்.”

அக்லாயா சீலை உடைத்தார். அச்சு இயந்திரத்தில், திரையில் வந்ததையெல்லாம் வரிவரியாகப் பதிந்த ஒரு சீட்டு தொங்கியது. அதைக் கிழித்துக்கொண்டு சிச்சோவிடம் போனார்.

“ஏன் ஃபோன் பண்ணல?”

“அந்தச் சீட்டுல வெளிக்குளிர் எவ்வளவுன்னு போட்டிருக்கு பாருங்க.”

மைனஸ் முப்பத்தொன்று. ஜன்னலுக்கு வெளியே கூரைப்பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஜனவரியில பதிஞ்ச பயிற்சி நாடா அது. யாரோ இயந்திரத்துல மாட்டியிருக்காங்க.”

“நீங்களே மாட்டியிருக்கலாமே?”

“இருக்கலாம்” என்றார் சிச்சோவ் சோர்வாக. “நாடா அலமாரிச் சாவி என்கிட்டயும் இருக்கு.”

அக்லாயா சீட்டின் வரிகளை மறுபடி எண்ணினார். கர்னலை அழைத்தார்.

“இதுல மூணு ஏவுகணைதான் இருக்கு. நாலாவது வர்றதுக்குள்ள கேப்டன் அணைச்சிட்டார். நீங்க வந்தப்போ திரை இருட்டு. அவர்கிட்டயும் பேசல. அப்போ நாலுன்னு யார் சொன்னது? நாடாவை முழுசா பார்த்தவருக்குத்தான் அது தெரியும், கர்னல்.”

பஷேனின் நாற்காலியில் சரிந்தார்.

“முழிச்சிருக்கானுங்களான்னு ஒரு சோதனை... அவன் ஃபோனை எடுக்கறதுக்குள்ள ஓடி வந்து சொல்லிடலாம்னு நெனச்சேன்.”

“ஏன் நேரத்துக்கு வரல?”

“வழியில சேத்துல வழுக்கி விழுந்துட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. காவலர்கள் அவரை அழைத்துப் போனார்கள்.

அக்லாயா சிச்சோவுக்கு சிகரெட் நீட்டினார். “பொய்னு உங்களுக்கு நிச்சயமா தெரிஞ்சுதா?”

“பாதிதான் தெரியும், தோழர் மேஜர்” என்றார் அவர். “மிச்சப் பாதிக்கு, ஜன்னல்கிட்ட நின்னு வானத்தையே பார்த்துட்டு இருந்தேன்.”