ஒரு சாண் நகர்ந்த நாற்காலி

"என் வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள் என் நாற்காலியை நகர்த்திக்கிட்டு இருக்கார். யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா போதும்."

வந்தவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லி முடித்துவிட்டார். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. எல்லாச் சுருக்கமும் நெற்றியில் இருந்தது.

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த துப்பறிவாளர் தலையை மட்டும் அசைத்தார். தெருவில் அவரை நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும், எந்த அறையில் என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவருடைய மனைவி அதற்கு நேரெதிர். வழக்கு படியேறி வரும்போதே குற்றவாளி யார் என்று முடிவு கட்டிவிடுவாள். பாதி நேரம் அது தப்பாகப் போகும். மீதிப் பாதிக்காகத்தான் இவர் பிழைப்பே ஓடுகிறது என்பது அவள் கட்சி.

வந்தவருக்கு வலது பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"நாற்காலிதானே சார்? நகர்ந்தா என்ன குடி முழுகிப் போச்சு?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. பொம்பளை கேட்டால் பதில் சொல்ல மாட்டார் போலிருக்கிறது, பெரிய மனுஷர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள். அதே கேள்வியை நிதானம் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டதும் மடை திறந்துகொண்டது.

"நான் பாட்டுக் கேக்குற நாற்காலி சார் அது. ரெண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ, அதே தூரம் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் என் தலைக்கு இருக்கணும். மூணு பக்கமும் சமம். ரொம்பக் கிட்டப் போனா பாட்டு ரெண்டாப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் நிக்கும். ரொம்பத் தள்ளிப் போனா பாட்டை விட அறைதான் அதிகமாக் கேக்கும். சரியான இடத்துல உக்காந்தா, பாடுறவர் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல, ஒண்ணுமே இல்லாத இடத்துல வந்து நிப்பார். அந்த இடத்தைத் தரையில கறுப்புப் பசைத்துணி ஒட்டி அடையாளம் பண்ணி வச்சிருக்கேன்."

"நகர்ந்தது எப்படித் தெரிஞ்சுது?"

"சிநேகிதர் ஒருத்தர் புதுசாப் பெட்டி வாங்கிட்டு, எவ்வளவு தூரத்துல உக்காரணும்னு போன்ல கேட்டார். என் அறையை அளந்தே சொல்றேன்னு இஞ்ச் டேப்பை எடுத்தேன். நாற்காலி வலது பக்கம் ஒரு சாண் தள்ளிக் கிடக்கு. பசைத்துணியும் கூடவே நகர்ந்திருக்கு. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்க!"

"அளக்கிறதுக்கு முன்னாடி காதுக்குத் தெரியலையா?"

"இல்ல. அதுதான் ஆச்சரியம். பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நாற்காலியைப் பழைய இடத்துல போட்ட பிறகுதான் கெட்டுப்போச்சு. பாடுறவர் இடது பக்கம், ஜன்னலோரம் போய் நிக்கிறார். நாற்காலியோட விடல, பெட்டியிலேயும் கை வச்சிருக்கார்னு அப்பத்தான் புரிஞ்சுது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்துட்டு ஒண்ணுமே இல்லைங்கிறான். அவன் ஒரு அரைகுறை."

"யார் கை வச்சதா நினைக்கிறீங்க?"

"என் மாப்பிள்ளைதான், வேற யாரு? மகள் மாசமா இருக்கா. குழந்தைக்கு அறை வேணும், பெட்டிகளைச் சுவரோட ஒட்டி வைங்க மாமான்னு ஒரு நாள் சொன்னார். முடியாதுன்னேன். அதுக்குத்தான் இது. நானே வெறுத்துப்போய் எல்லாத்தையும் தூக்கிப் போடணும்னு பாக்கிறார். என் சம்சாரம் அவரைக் காப்பாத்த, பெருக்கும்போது நான்தான் நகர்த்தினேன்னு பொய் சொல்றா. பெருக்கும்போது நகர்ந்தா பசைத்துணி எப்படிங்க நகரும்? வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். நாளைக்குக் கிளம்பறாங்க. போறதுக்கு முன்னாடி, செஞ்சதை அவர் வாயாலேயே ஒத்துக்கணும்."

வயிற்றுப் பிள்ளைக்காரியை வீட்டை விட்டு அனுப்பும் அளவுக்கு ஒரு நாற்காலியா என்று நிதானத்தின் மனைவிக்கு வயிறு எரிந்தது. வாயைத் திறக்கப் போனவளைக் கணவர் ஒரு பார்வையில் அடக்கினார்.

அன்றைக்கே இருவரும் கிளம்பிப் போனார்கள். ஒலிப்பதிவாளரின் வீட்டுக் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மாப்பிள்ளை ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். மகள் சோபாவில் உட்கார்ந்து அழுது முடித்த முகத்தோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலருகே ஒரு தையல் இயந்திரம். அதன் மேல் குழந்தைச் சட்டை ஒன்று பாதி தைத்த நிலையில் கிடந்தது.

பாட்டு அறை உள்ளே இருந்தது. இடது பெட்டி ஜன்னல் பக்கம், வலது பெட்டி கதவுப் பக்கம். எதிரே அந்த நாற்காலி. ஒலிப்பதிவாளர் அதில்தான் உட்கார்ந்தார். அவருடைய மனைவி தேநீர்த் தட்டோடு கதவு வழியாக வந்தார். கதவுக்கு அருகே, கணவருடைய வலது கைப்பக்கம் ஒரு மேசை காலியாக இருந்தது. அந்த அம்மா அதில் வைக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் நின்று, "சூடா இருக்கு, பாத்துக் குடிங்க" என்று சொல்லிக் கையில் கொடுத்தார்.

நிதானம் தரையில் மண்டி போட்டு விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். மனைவியும் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் குனிந்தாள். பசை ஒட்டி உரிந்த பழைய தடங்கள் நாற்காலியின் காலடியிலிருந்து கதவுப் பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசித் தடத்தின் மேல் மட்டும் பசைத்துணி இன்னும் ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் விரிந்தது.

"ஏங்க, இங்க பாருங்க. ஓரம் பல்லு பல்லா இருக்கு. இது சாதாரணக் கத்தரிக்கோல் இல்ல, துணி நூல் பிரியாம இருக்க டெய்லருங்க வச்சிருக்கிற ஜிக்ஜாக் கத்தரிக்கோல்" என்று அவர் காதில் கிசுகிசுத்தாள். "தையல் மிஷின் யாரோடதுன்னு கேட்டுட்டேன், அந்த அம்மாவோடது. அவங்கதான்! காலம் பூரா இந்தப் பெட்டிங்களோட குடித்தனம் பண்ணினா யாருக்குத்தான் வெறுக்காது? பாட்டைக் கெடுக்கத்தான் செஞ்சிருக்காங்க."

"ஆள் சரி" என்றார் நிதானம். "காரணம்தான் தலைகீழ்."

"எப்படி?"

"கெடுக்கணும்னு நினைக்கிறவங்க ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம்னு தள்ளுவாங்க. இது கொஞ்சங் கொஞ்சமா, ஒரே பக்கமாப் போயிருக்கு. அதோட, நாற்காலி தப்பான இடத்துல இருந்தப்ப பாட்டு நல்லா இருந்துச்சாம். சரியான இடத்துக்கு வந்ததும் கெட்டுப்போச்சாம். அதை யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அதை ஒத்துக்கொள்ள மனமும் இல்லை.

நிதானம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "சார், எனக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சு. ஆனா உங்ககிட்ட மட்டும் தனியாச் சொல்லிடறேனே."

"தனியா என்ன தனியா? என் வீட்டுல ஒளிவு மறைவே கிடையாது. எல்லாரையும் கூப்பிடுங்க."

எல்லோரும் வந்தார்கள். மகள் கதவில் சாய்ந்து நின்றாள். மாப்பிள்ளை கயிறும் கையுமாக அவள் பக்கத்தில் நின்றார். அந்த அம்மா மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"முதல்ல என் வீட்டுக்காரி இந்த நாற்காலியில உக்காரட்டும்" என்றார் நிதானம். "நீங்க அளந்து போட்ட இடம்தானே இது? உங்களுக்குப் பிடிச்ச பாட்டைப் போடுங்க. நீ கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுச் சொல்லு, பாடுறவர் எங்க நிக்கிறார்?"

அவள் கண்ணை மூடினாள். ஒரு குரல் சட்டென்று அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றது. கண்ணைத் திறந்தால் அங்கே வெறும் சுவர். அவளுக்குப் புல்லரித்துவிட்டது.

"நட்ட நடுவுல!"

"இருக்காது!" ஒலிப்பதிவாளர் குதித்தார். "ஜன்னலோரம் போறது என் காதுக்குத் தெளிவாக் கேக்குது. அவங்களுக்குப் பழக்கமில்ல."

"சரி, நீங்களே உக்காருங்க. ஒரே ஒரு சோதனை." நிதானம் நாற்காலியை அதே இடத்தில் அப்படியே திருப்பிப் போட்டார். "பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. பெட்டியில கோளாறுன்னா நீங்க எப்படி உக்காந்தாலும் குரல் ஜன்னல் பெட்டிப் பக்கம்தான் சாயணும். இல்லையா?"

"ஆமா, அதுல என்ன சந்தேகம்?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அதே பாட்டு மறுபடியும் ஒலித்தது.

"இப்ப எந்தப் பக்கம்?"

"கதவு..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்தினார். பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவர் மெதுவாக வலது கையைத் தூக்கி வலது காதை மூடினார். ஒன்றும் மாறவில்லை போலிருக்கிறது. பிறகு இடது காதை மூடினார். மூடிய கை உடனே கீழே விழுந்தது.

யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயுள் முழுக்கச் செய்த தொழில் அது. பெட்டியில் ஒன்றும் இல்லையென்றால் கோளாறு வேறு எங்கே என்று மெக்கானிக்கிடம் அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு அவரே பதில் கண்டுபிடித்துவிட்டார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரிடமென்று இல்லாமல். "நான் திரும்பினா குரலும் சேர்ந்து திரும்புது. கோளாறு எங்கிட்ட இருக்கு."

நிதானத்தின் மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வழக்கோடு வந்தபோது அவள் கேட்ட கேள்வி அவருடைய வலது பக்கத்திலிருந்து போனது. அது அவர் காதில் விழவே இல்லை. திமிர் பிடித்த மனிதர் என்று எவ்வளவு திட்டினோம் என்று நினைத்துக் கூசிப்போனாள்.

"மாப்பிள்ளை இந்த அறைக்குள்ள கையே வைக்கல சார்" என்றார் நிதானம். "நாற்காலியை நகர்த்தினது உங்க வீட்டம்மாதான். அவங்க உங்ககிட்ட சொன்னது பொய் இல்ல. பெருக்கும்போதுன்னு சொன்னது மட்டும்தான் பொய். வலது காது மங்க மங்க, உங்களை வலது பெட்டிகிட்ட கொண்டுபோயிருக்காங்க. அந்தப் பக்கத்துச் சத்தம் கூடினா குரல் நடுவுக்கு வந்துடும் இல்லையா? தேநீர் கொடுக்கக்கூட இடது பக்கமாச் சுத்திக்கிட்டுத்தான் வந்தாங்க, நீங்க கவனிக்கல."

ஒலிப்பதிவாளர் மனைவியைப் பார்த்தார். "உனக்கு ஸ்பீக்கரைப் பத்தி என்ன தெரியும்? எவ்வளவு நகர்த்தணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு ஸ்பீக்கரும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது" என்றார் அந்த அம்மா. "பாட்டுக் கேக்கும்போது நீங்க ஆணி அடிச்ச மாதிரி நேரா உக்காருவீங்க. போன வருஷத்திலேருந்து தலை ஒரு பக்கமாச் சாய ஆரம்பிச்சுது. ஒருநாள் கூட்டும்போது நாற்காலி தெரியாம நகர்ந்துடுச்சு. அன்னிக்கு நிமிர்ந்து உக்காந்தீங்க. அதுக்கப்புறம் சாயும்போதெல்லாம் நீங்க நிமிர்ற வரைக்கும் கொஞ்சம் நகர்த்துவேன், நிமிர்ந்ததும் விட்டுடுவேன். அவ்வளவுதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்குக் காதுதானே எல்லாம். அது போச்சுன்னு என் வாயால எப்படிங்க சொல்றது? மாப்பிள்ளை மேல பழி வந்தப்ப, நான்தான் நகர்த்தினேன்னு சொன்னேன். நீங்க நம்பல. இன்னிக்கு ராத்திரி முழுசையும் சொல்லிடறதுன்னுதான் இருந்தேன். பிள்ளைங்களை அனுப்பிட்டு எனக்கு மட்டும் என்ன பாட்டு வேண்டியிருக்கு?"

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நிதானத்தின் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் பார்த்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தபோது, அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தார்.

மாப்பிள்ளை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவர் போல நாற்காலியை நெருங்கி, மாமனாருக்கு வலது பக்கத்தில் நின்று, தனக்கே உரிய சின்னக் குரலில் என்னவோ சொன்னார். கதவோரம் நின்ற நிதானத்தின் மனைவிக்கே அது நன்றாகக் கேட்டது.

ஒலிப்பதிவாளர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் உதடு அசைந்தது மட்டும் கண்ணில் பட்டிருக்க வேண்டும், தலையைத் திருப்பிப் பார்த்தார். கேட்ட மாதிரி தலையாட்டிவிட்டு விடலாம். இத்தனை நாளும் அப்படித்தான் சமாளித்திருப்பார். இப்போதும் தலை ஆடத் தொடங்கிப் பாதியில் நின்றது.

"மாப்பிள்ளை, எனக்கு அந்தக் காது கேக்கல" என்றார். "உங்க மேல அபாண்டமாப் பழி போட்டேன். நீங்க என்ன திட்டினாலும் நான் கேட்டுத்தான் ஆகணும். இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

மாப்பிள்ளை நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், இடது பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல மாமா. நாங்க போகலைன்னு சொன்னேன்."