வெறுங்குழாயில் ஏறிய கோடு

வெறும் குழாயிலும் ஆய்வக இயந்திரம் பாதரசம் காட்டியது.

அதில் ரத்தமே இல்லை. இறந்துபோன மூத்த மகளின் ரத்தத்தை அளக்கும் முன் இயந்திரம் சுத்தமா என்று பார்க்க வைத்த அமிலமும் தண்ணீரும்தான். திரையில் கோடு படுத்தே கிடக்க வேண்டும். அவள் குழாயை மாற்றினாள், கழுவினாள், மறுபடி வைத்தாள். மாலை வெயில் ஜன்னலை விட்டு இறங்க, பம்ப் முனகியபடி அறைக் காற்றை உறிஞ்ச, அமில நெடி தொண்டையை அரிக்க, கோடு மட்டும் யாரோ மூச்சு வாங்குவதுபோல எழுந்து எழுந்து தாழ்ந்தது.

மூச்சு வாங்கித்தான் பெரியவள் போனாள். நான்கு வயது. வெறும் சளி என்றுதான் நினைத்தார்கள். நுரையீரல் வெந்திருக்கிறது, பாதரச ஆவியாக இருக்கலாம் என்றார் டாக்டர். வீட்டில் ஏது பாதரசம்? அது தெரியாமல் இளையவள் சின்னக்குட்டியை அந்த வீட்டில் எப்படி வைத்திருப்பது? எல்லோரும் தடுத்தும் அவளே அளக்க வந்தது அதற்காகத்தான்.

"கொஞ்சம் வெளிய நில்லும்மா," என்றார் ஆய்வகச் சீனியர்.

வராந்தாவுக்குப் போனாள். கோடு படுத்தது. திரும்பி வந்தாள். எழுந்தது.

"உன்னக் கண்டாத்தான் வாலாட்டுது," என்று சிரிக்கப் பார்த்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தோளில் கிடந்த சால்வையின் நுனியை, பம்ப் காற்றை உறிஞ்சும் குழாயருகே பிடித்தாள். கோடு திரையைத் தாண்டியது.

சென்ற மாதம் இங்கே பாதரச அழுத்தமானி உடைந்தது. மண்டியிட்டுத் துடைத்தவள் அவள். உடம்பில் ஸ்வெட்டர், மேலே இந்தச் சால்வை. உதறிப் பார்த்தாள், ஒன்றும் மின்னவில்லை. பாதரசத்தோடு பழகிப் பழகிப் பயம் விட்டுப்போயிருந்தது. அப்படியே வீட்டுக்குப் போனாள்.

ஸ்வெட்டர்.

அம்மா வாசம் அடிக்கிறது என்று பெரியவள் அதைப் போர்த்தினால்தான் தூங்குவாள். ஹீட்டர் மேல் சூடாக்கி. ஜன்னலைச் சாத்தி. என் கையால்.

வீட்டுக்குப் போன் செய்தாள். கணவன் கிசுகிசுத்தான்.

"மெதுவா பேசு. அக்காவக் கேட்டு ஒரே அழுகை. உன் ஸ்வெட்டர ஹீட்டர்ல சூடாக்கிப் போத்தினேன், இப்பதான் கண்ணசந்தா."

"ஏங்க, அத எடுத்திடுங்க. அவளத் தூக்கிட்டு வெளிய..."

"எழுப்பிடாத. அப்புறம் பேசறேன்."

போனை அணைக்காமலே தலையணைமேல் வைத்துவிட்டான். காலடிச் சத்தம். கதவு சாத்தும் ஒலி.

அவள் கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். அங்கே ஹீட்டர் சடசடத்தது. சின்ன இருமல். இன்னொன்று.

பிறகு, "அம்மா," என்றாள் சின்னக்குட்டி, தூக்கத்திலேயே. குரல் கேட்ட நிம்மதியில் குழந்தை ஸ்வெட்டரை முகம்வரை இழுத்துக்கொண்டு ஆழமாக மூச்சை உள்ளிழுப்பது கேட்டது.