நாற்பத்தேழாம் குழாயில் வெண்ணெய்

உலகத்திலேயே, தன் ரத்தக் கொழுப்பை வைத்து மகளுக்கு மாப்பிள்ளை பிடித்த ஒரே ஆள் நான்தான்! இதைக் கேட்டாலே என் மனைவி, "ஆமா, பெரிய சாதனை... மூஞ்சியைப் பாரு!" என்பாள். நீங்களே கேளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். மருத்துவமனையில் ஓர் ஆய்வில் நாற்பத்தேழாம் ஆளாகச் சேர்ந்தேன். பன்னிரண்டு வாரம் வெண்ணெயைத் தொடாமல், மத்தியதரைக் கடல் பக்கத்து ஆட்களைப் போல ஆலிவ் எண்ணெய், மீன், பாதாம், காய்கறி என்று சாப்பிட்டால் இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று பார்ப்பார்கள். அதில் நானே முதல் மாணவன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். சமைத்தவள் என் மகள். கணக்கு ஆசிரியை. எண்ணெயைக்கூட அளந்துதான் ஊற்றுவாள்.

முடிவு வாங்க அவள் போன அன்று கொட்டும் மழை... உள்ளே ஓடியவளும் கதவைத் திறந்த ஆய்வகப் பரிசோதகனும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். மழைத்துளி படிந்த அவள் மூக்குக்கண்ணாடி... அதற்குப் பின்னால் கோபமும் சிரிப்புமாக இரண்டு கண்கள்... அவனுக்குப் பேச்சே மறந்துவிட்டது. ஞாபகம் வந்ததும் வாய் திறந்தான். வந்தது வினை.

"நாற்பத்தேழாம் நம்பர் உங்க அப்பாவா? அவர் ரத்தத்துல வெண்ணெய் தெரியுதுங்க. சமையல்ல யாரோ ஏமாத்துறாங்க."

"என் சமையல்ல ஒரு சொட்டு வெண்ணெய் கிடையாது சார்!"

"பால் கொழுப்புல வர்ற அமிலம் இது. ரத்தம் பொய் சொல்லாதுங்க."

"நானும் அதே சாப்பாடுதான் சாப்பிட்டேன். என் ரத்தத்தையும் எடுங்க!"

நனைந்த சட்டைக் கையை மடித்துவிட்டு, கரத்தை நீட்டினாள். 'என்ன திமிர்... ஆனா ஏன் இவ்வளவு மெதுவா கையைப் பிடிக்கிறார்?' என்று நினைத்தாளாம்.

அடுத்த வாரம் நானும் கூடப் போனேன். அவள் ரத்தத்தில் வெண்ணெயின் தடமே இல்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். முப்பது வருடம் சிவப்பு விளக்கைத் தாண்டாத நான், அந்தப் பார்வையையும் தாண்டாமல் நின்றுவிட்டேன். என் தம்பட்டமா, மகளின் மானமா?

"மூலைக்கடை வெண்ணெய் பிஸ்கட்... தினம் எட்டு," என்றேன். உண்மையில் பதினாறு.

"அப்பா!"

அவன் என்னைப் பார்க்கவே இல்லை; அவளிடம்தான் பேசினான். "மன்னிச்சிடுங்க. உங்களைத் தப்பா சொன்னதிலேர்ந்து தூக்கமே இல்ல. உங்க ரத்தத்தை நாலு தடவை சோதிச்சேன்..."

"அவ்வளவு சந்தேகமா?"

"இல்லீங்க... சீக்கிரம் முடிச்சா ரிப்போர்ட்டை வாங்கிட்டுப் போயிடுவீங்களே... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"நாலு தடவையும் ஒரே விடைதானா?"

"ஆமாங்க."

"அப்போ சரி..." தரையைப் பார்த்துச் சிரித்தாள். "என் விடையும் அதேதான்."

தப்பே செய்யாதவள் என்று நிரூபிக்கக் கையை நீட்டினாளே, அவள் என் மகள்! நெஞ்சு நிமிர்ந்து, என் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்துவிட்டன.

கல்யாணத்துக்குள் என்னை மறுபடியும் பன்னிரண்டு வாரம் ஆலிவ் எண்ணெயில் கட்டிப்போட்டார்கள். கெட்ட கொழுப்பும் இறங்கியது. நேற்று மாப்பிள்ளையின் தட்டில் மீனை வைத்துவிட்டு, என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"இனிமே அந்த பிஸ்கட் டப்பாவைத் தொட்டீங்க, கையை உடைச்சிடுவேன். ஆனா..." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க அதைத் திருட்டுத்தனமா தின்னதாலதாங்க இந்தத் தங்கமான பிள்ளை நம்ம வீட்டுக்கு வந்துச்சு. ஒத்துக்கறேன்."