இருபது வார்த்தைகள்

இருபது ஆங்கில வார்த்தைகளையும் சுரையா தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தாள். அவற்றில் நாலைந்தைத் தவிர எதையும் அவளால் வாசிக்க முடியாது.

“இன்னொரு தடவை சொல்லு,” என்றார் அப்பா ரம்லி. மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே ஆறிக்கொண்டிருந்தது.

“எட்டு தடவை சொல்லிட்டேன்ப்பா.”

“ஒன்பதாவது தடவைதான் மண்டையில ஒட்டும். நாளைக்கு நீ நல்லா சொன்னாத்தான் பரீட்சையில கூடுதல் நேரம் குடுப்பாங்க.”

சுரையா தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். யாராவது கேள்வியை வாசித்துக் காட்டினால் போதும், பதில் அவளிடம் தயாராக இருக்கும். அதே கேள்வி தாளில் இருந்தால், இரண்டாம் வரியைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும். போன பரீட்சையில் பாதித் தாள் காலி. “என்ன, தூங்கிட்டியா?” என்று கேட்டாள் பக்கத்து இருக்கை மெய் ஷுவான். சுரையா ஆமாம் என்று சொல்லிவிட்டாள். மக்கு என்ற பெயரைவிடத் தூங்குமூஞ்சி என்ற பெயர் தேவலை.

அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அவளுக்கு வாசிப்பதில் சிரமம் இருக்கிறது என்று ஒரு நிபுணர் சோதித்து எழுதிக் கொடுத்தால் கூடுதல் நேரம் கிடைக்கலாம் என்று வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். அப்பாவின் காதில் விழுந்தது சோதனை ஒன்றுதான். சோதனை என்றால் நன்றாகச் செய்தே ஆக வேண்டும். எங்கள் சிங்கப்பூரில் நாலு வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும்.

மேல்மாடி ஹாஃபிஸ் போன வருடம் இதே சோதனைக்குப் போய் வந்தவன். அவனுக்கு வாசிப்புதான் வராது, ஞாபகம் பயங்கரம். சோதித்தவர் கடைசியில் சரியாக வாசித்துக் காட்டிய வார்த்தைகள் அவனுக்கு அப்படியே நினைவிருந்தன. அப்பா அவனுக்குக் குடிக்க ஒரு மைலோ வாங்கிக் கொடுத்து, தாளில் இருந்த வார்த்தைகளை எல்லாம் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார். இரண்டு வாரமாகச் சுரையாவின் காதில் அந்தக் குரல்தான்.

மறுநாள் விடியும்போதே மழை. பள்ளியின் கடைசி அறையில், சோதிக்க வந்த நிபுணர் மிஸ் ஓங் ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார். அப்பா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“மேலேருந்து ஒவ்வொண்ணா வாசி.”

முதல் வார்த்தை அவளுக்கு வாசிக்கத் தெரிந்த நாலைந்தில் ஒன்று. ஹாஃபிஸ் சொன்ன அதே தாள்தான். சுரையா ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மிஸ் ஓங்கின் பேனா ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ போட்டது. ஏழாவது வார்த்தைக்கு அவர் லேசாகச் சிரித்தார்.

“நல்லா வாசிக்கிறியே.”

சுரையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நன்றாக வாசிக்கிறாள் என்று இவர் எழுதிவிட்டால், அந்தக் காலித் தாளுக்கு என்ன காரணம் சொல்வது? அடுத்த வருடமும் அப்படித்தான் ஆகும். அப்போதும் தூங்கிவிட்டேன் என்றா சொல்ல முடியும்?

எட்டாவது வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அவள் அதைச் சொல்லவில்லை.

“மிஸ், நான் வாசிக்கல. இது மனப்பாடம்.”

பேனா நின்றது. “யார் சொல்லிக் குடுத்தா?”

“அத மட்டும் கேக்காதீங்க.” சுரையா தாளைத் தள்ளி வைத்தாள். “எனக்குத் தெரியாத தாள் வேற இருந்தா குடுங்க. நான் தப்பா வாசிக்கணும்.”

“தப்பா வாசிக்கணும்னு கேட்ட மொத பிள்ளை நீதான்,” என்றபடி மிஸ் ஓங் வேறொரு தாளை எடுத்தார்.

அந்தத் தாள் கொடுமையாக இருந்தது. ஒரு எழுத்தைப் பிடித்து அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது நழுவியது. இருபதில் ஐந்துதான் சரி. கன்னத்தில் கண்ணீர் வழிவது மிஸ் ஓங் டிஷ்யூ நீட்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

பிறகு அப்பாவை உள்ளே அழைத்தார்கள். அவர் மகளின் சிவந்த கண்களைப் பார்த்தார். நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க குடும்பத்துல வேற யாருக்காவது வாசிக்கச் சிரமம் உண்டா?” என்று கேட்டார் மிஸ் ஓங்.

“இல்ல மிஸ். யாருக்கும் இல்ல.”

சுரையா தரையைப் பார்த்தாள். அப்பா பஸ் ஓட்டுநர். உரிமத்துக்கான விதிப் புத்தகம் முழுவதையும் அம்மா வாசிக்க வாசிக்கக் கேட்டு, மனப்பாடம் செய்தே தேறியவர். வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் அம்மா வரும்வரை மேசையில் கிடக்கும். அவருக்குத் தெரிந்த ஒரே வழியைத்தான் மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

மிஸ் ஓங் ஒரு படிவத்தை நீட்டினார். “படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க.”

அப்பா படிவத்தைக் கையில் பிடித்தபடி இருந்தார். அவர் கண் ஒரே வரியில் நின்றது. அவரைக் காட்டிக்கொடுக்கச் சுரையாவுக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை.

“அப்பா,” என்றாள் மெதுவாக. “எனக்கு வாசிக்க வரலன்னு நானே சொல்லிட்டேன். மிஸ் திட்டல.”

அப்பா படிவத்தை மேசையில் வைத்தார்.

“எனக்கும் வராது மிஸ்,” என்றார். “சின்ன வயசுலேருந்தே. மனப்பாடம் பண்ண வெச்சதும் நான்தான். மார்க் நல்லா வந்தாத்தான் உதவி கெடைக்கும்னு நெனச்சேன்.”

மிஸ் ஓங் திட்டவில்லை. அவர் பேனா வெகுநேரம் எழுதியது. பிறகு படிவத்தை வரி வரியாக வாசித்துக் காட்டி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்.

முடிவு தெரிய இரண்டு மாதம் ஆகுமாம். கூடுதல் நேரம் கிடைக்குமா என்று அவர் உறுதி சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நனைந்த செருப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பெரிய விளம்பரப் பலகை ஒன்று இருந்தது.

“அதுல என்ன எழுதியிருக்கு?” என்றார் அப்பா.

“தெரியலப்பா. நீங்க மொத வார்த்தை, நான் ரெண்டாவது.”

அப்பா எழுத்துக் கூட்டினார். தப்பாக வந்தது. மறுபடி கூட்டினார். சுரையா தன் வார்த்தைக்குத் திணறியபோது, அவர் சும்மா காத்திருந்தார்.

அவர்களுடைய பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் அப்பாவுக்குத் தெரிந்தவர். கதவைத் திறந்து, “என்ன ரம்லி, ஏறலியா?” என்றார்.

ஒரு நிமிடம் தாமதம் என்றாலே முகம் சுளிக்கும் அப்பா, பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நீ போ. நாங்க அடுத்ததுல வர்றோம்,” என்றார்.

இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது.