வாசலில் நிறுத்திவைத்தவன்

கட்டுமாவடி ஐஸ் கம்பெனியின் ஷட்டரைத் தூக்கியதும், உப்பும் அழுகிய மீனும் கலந்த பழைய வாடை முகத்தில் அடித்தது. பரிமளா மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூன்று வருடம் கழித்து துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன் கவியரசன், அத்தரை மோந்ததுபோல மூச்சை இழுத்துவிட்டான்.

"இந்த வாடைக்காகவே ஊருக்கு வரலாம் புள்ள," என்றான்.

கம்பெனி அப்பாவுடையது. அவர் மூடியபிறகு அண்ணன் தங்கைக்கு அது விளையாட்டுக் கூடமானது. ஓடிப்பிடிக்கிற விளையாட்டு இல்லை, வாயால் ஆடுவது. பரிமளா ஒரு மாய உலகத்தைச் சொல்லச்சொல்ல, கவியரசன் அதில் கருங்கண்ணன் என்ற வீரனாகி, தான் என்ன செய்கிறான் என்று சொல்வான். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். கழுதை வயசில் இதென்ன கூத்து என்று அம்மா தலையிலடித்துக்கொள்வாள்.

அந்த உலகத்தில் நிழல்நாடு என்று ஒன்று உண்டு. இங்கே ஒரு நாள் கழிந்தால் அங்கே ஒரு வருடம் ஓடிவிடும். பரிமளா வைத்த சட்டம் அது, அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. ஐஸ் ரூமின் கனத்த மரக்கதவைத்தான் நிழல்நாட்டு வாசல் என்று வைத்துக்கொண்டார்கள். கவியரசன் துபாய்க்குக் கிளம்பிய அன்று ஆட்டம் பாதியில் நின்றது.

"கருங்கண்ணன் உள்பக்கம் காவல் நிக்கட்டும். நான் வந்து கூட்டிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

இப்போது வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில் டார்ச் தேவைப்பட்டது. பரிமளா பகடையை எடுத்து வைத்தாள்.

"அண்ணே, கருங்கண்ணன் அங்கிட்டு நின்னு ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு. மொதல்ல அவனக் கூப்பிடு."

"அந்தக் கெழவன விடு. செத்துட்டான்னு வச்சுக்க. புதுசா ஒரு மந்திரவாதிய எடுத்துக்கிறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. கற்பனை ஆள்தான், ஆனாலும் இவன் பேச்சை நம்பி நின்றவன் இல்லையா.

தட்.

ஐஸ் ரூம் கதவு.

உள்ளிருந்து.

"எலியா இருக்கும்," என்றான் கவியரசன். பயந்ததைத் தங்கை பார்த்துவிடக் கூடாதே என்று வீறாப்பாகப் போய்க் கதவை இழுத்தான்.

இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. தோல் காய்ந்து எலும்போடு ஒட்டிய கை. அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கதவுச் சட்டத்தில் மோதியது. மூக்கெலும்பு நொறுங்கியது. மறுபடி மோதியது. பற்கள் சிமெண்டுத் தரையில் சிதறின. பரிமளா பாய்ந்து அவன் காலைக் கட்டிப்பிடித்தாள். வீச்சரிவாள் ஒன்று இறங்கியது. சட்டத்தைப் பற்றியிருந்த அவன் விரல்கள் நான்கும் அவள் மடியில் சூடாக விழுந்தன.

அந்தக் கை அவனை உள்ளே இழுத்துக்கொள்ள, கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அண்ணன் அலறினான். ஆனால் அது அலறலாகக் கேட்கவில்லை. கொசு காதருகே பறப்பதுபோல மெல்லிசாக, படு அவசரமாகக் கேட்டது.

அவள் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். அங்கே காலம் ஓடுகிறது. வெளியே ஒரு நிமிடம் என்றால் உள்ளே கால் நாள். அவள் கைப்பிடியோடு மல்லுக்கட்டும் நேரமெல்லாம் அது அண்ணனை நின்று நிதானமாக அடித்துக்கொண்டிருக்கிறது.

கதவு அசையவில்லை. சட்டம் வைத்தவள் அவள்தானே.

"மாத்திட்டேன்," என்று கதவில் வாயை வைத்துக் கத்தினாள். "இனிமே இங்க ஒரு வருசம் போனா அங்க கண்ணிமைக்கிற நேரம். நான் சொல்றேன்."

கொசுச் சத்தம் நின்றது.

கதவு தானாகத் திறந்தது.

கவியரசன் மண்டியிட்டிருந்தான். முகத்தில் ஒரு கண்தான் மிச்சம். வாயிலிருந்து தெறித்த ரத்தம் சொட்டுச்சொட்டாக அந்தரத்தில் நின்றது. அவனுக்குப் பின்னால், அவன் முகத்தையே கருவாடாகக் காயவைத்ததுபோன்ற முகத்தோடு ஒருவன், அவன் பிடரிக்கு மேலே அரிவாளை ஓங்கியிருந்தான்.

பரிமளா ஐஸ் கட்டி இழுக்கும் கொக்கியை எடுத்து அண்ணன் காலரை நோக்கி நீட்டினாள். நுனி வாசலைத் தாண்டியதும் நின்றுபோனது. ஆட்டவும் முடியவில்லை, உருவவும் முடியவில்லை. அவள் போனாலும் அதே கதிதான்.

"அரிவாளக் கீழ போடு," என்றாள். "அவன் செஞ்சது தப்புத்தான். ஒன்னைய நான் விடுதலை பண்றேன். காவல் காத்தது போதும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் குரலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அண்ணன் சண்டை போட்டுக்கொண்டு துபாய்க்கே போய்விட்டான் என்று வீட்டில் சொல்லிவைத்தாள். நான்கு விரல்களையும் வீட்டு ஃபிரிட்ஜில் மீனுக்கு அடியில் ஒளித்திருக்கிறாள். அண்ணன் வெளியே வந்தால் தைத்துக்கொள்ளலாமாம். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் எறிய மனசு வரவில்லை. தினமும் மதியம் வந்து டார்ச் அடித்துப் பார்க்கிறாள். அரிவாள் மாதத்துக்கு ஒரு விரற்கடை இறங்கியது. தன் சொல் முந்துமா, அரிவாள் முந்துமா என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

போன வாரம் கருங்கண்ணனின் தலை கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் திரும்பத் தொடங்கியது. இன்று முழுசாகத் திரும்பிவிட்டது. நேரே அவளைப் பார்த்தான். சொன்னது கேட்டுவிட்டது.

பரிமளாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. டார்ச்சை அரிவாள் பக்கம் திருப்பினாள்.

நேற்றிலிருந்து அது நான்கு விரற்கடை இறங்கியிருந்தது.