ஏழாவது குழாய்

ஃபில்டர் சுத்தமாக இருந்தது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் கூடத்தின் நடுவே சும்மா நின்றான். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டருக்காகக் காற்றையெல்லாம் உறிஞ்சுகிற பெரிய கிரில்லுக்குப் பின்னால் ஒரு வருஷமாகச் செருகிக் கிடந்த ஃபில்டர் அது. கழற்றியதும் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி தூசி பெயர்ந்து விழவேண்டும். உதிர்ந்த முடி, துணிப் பிசிறு, செத்த அந்துப்பூச்சி என்று அந்தக் குடும்பத்தின் ஒரு வருஷ வாழ்க்கை மொத்தமும் அவன் மூக்கில் ஏறவேண்டும். அப்படித் தூசியில் குளித்துக் குளித்துத்தான் அவனுக்கு ஒட்டடை என்றே பெயர் வந்தது. யாராவது திட்ட நினைத்தால் மட்டும்தான் கம்பெனியில் அவனுடைய சொந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரும். இந்த ஃபில்டரில் ஒரு பிசிறுகூட இல்லை. விரலால் தடவிப் பார்த்தான். லேசாக ஈரம் இருந்தது, யாரோ கண்ணாடியில் வாய்வைத்து ஊதிய மாதிரி.

வேறொரு நாளாக இருந்தால் யோசித்திருப்பான். அன்றைக்கு, ஒரு வேலை குறைந்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

குளிர் எட்டிப் பார்க்கும்போதுதான் ஊரில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஹீட்டரைச் சர்வீஸ் பண்ணவேண்டும் என்று ஞாபகம் வரும். அது வருஷா வருஷம் இருப்பதுதான். இந்தத் தடவை, கூட வேலை பார்த்த சோடாபுட்டியின் பொறுப்பிலிருந்த வீடுகளும் சேர்ந்து அவன் தலையில் விழுந்திருந்தன. கோலிக்குண்டு மாதிரி தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பெயர். இருவரும் ஒன்றாக வேலை கற்றவர்கள். போன சீசன் முடிகிற சமயத்தில் ஒருநாள் கம்பெனி வண்டியைக் கொண்டுவந்து ஒழுங்காக நிறுத்திவிட்டு, சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போன சோடாபுட்டி திரும்பி வரவேயில்லை. ஒண்டிக்கட்டை. தேடி அலைய வீட்டில் யாரும் கிடையாது. எங்கேயோ நல்ல இடமாகப் பார்த்துப் போய்விட்டான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளைக்கு அவன் வீடுகளையும் நீ பார்த்துக்கோ என்று மேனேஜர் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

வீட்டிலும் அப்படித்தான். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மாலை ஷிஃப்ட். அவன் உள்ளே நுழைய, அவள் வெளியே போக, மகளை வாசலிலேயே கைமாற்றிக்கொள்வார்கள். ராத்திரி முழுக்கக் குழந்தைக்கு இருமல். அதை மார்பில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடுவதுதான் அவனுக்குத் தூக்கம். அன்று காலை மனைவி கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்னொரு தடவை லேட்டாகப் போனால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், இன்றைக்கு மட்டும் விளக்கு வைக்கிறதுக்கு முன்னால் வந்துவிடு என்றாள். வந்துவிடுகிறேன் என்றான். இதுதான் அன்றைய கடைசி வீடு.

வீட்டுக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். மெல்லிய குரல், மாவு மாதிரி மெத்தென்ற கை. கணவர் உள்ளே தூங்குகிறார் என்று சொன்னாள். கூடத்துச் சோபாவில் வயதுவந்த மகன் ஒருவன் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டப்பகலில் ஒரு வீடே இப்படித் தூங்குகிறதே என்று அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பொறாமையாக இருந்தது.

ஒவ்வோர் அறையாகப் போய், சீலிங்கில் இருக்கும் காற்றுத் துவாரத்துக்கு நேரே மெல்லிய காகிதத்துண்டைப் பிடித்துப் பார்த்தான். ஆறு அறை, ஆறு துவாரம். காற்று நன்றாகத்தான் வந்தது. வாடை எதுவும் இல்லை. இல்லை, இருந்தது. மற்ற வீடுகளில் காய்ந்த தகரமும் கருகின தூசியுமாக வரும். இங்கே வெதுவெதுவென்று, கொஞ்சம் இனிப்பாக, தூங்குகிற குழந்தையின் கழுத்தடியில் முகத்தை வைத்தால் வருமே, அப்படி. முகத்தைக் காட்டியபடி நின்றால் இமை தானாகக் கீழே இறங்கியது. தலையை உதறிக்கொண்டு போய் மெயின் ஸ்விட்சை அணைத்தான்.

ஏணியைச் சாய்த்தபோது அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறமுடியுமா, மேலே சத்தம் போடாமல் நடக்கமுடியுமா என்று கேட்டாள். இவர்கள் தூக்கம் கலைந்துவிடும் என்பதற்காகக் கேட்கிறாள் என்று எண்ணி ஷூவைக் கழற்றினான். ஏறும்போது போன் விழுந்துவிடும் என்று அதை எடுத்துக் கருவிப் பெட்டியின்மேல் வைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க தம்பி."

அவ்வளவுதான் சொன்னாள். என்ன காரணமோ, ஏணியின் முதல் படியில் கால்வைத்தவன் மேலே ஏறாமல் நின்றான். இந்த வார்த்தையை யாராவது அவனிடம் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. "அதெல்லாம் பழகிடுச்சும்மா" என்றான்.

சீலிங்கில் சதுரமாக வெட்டியிருந்த மூடியைத் தள்ளிவிட்டு, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலிருந்த இருட்டுக்குள் தலையை நுழைத்தான். நெற்றி விளக்கைப் போட்டான். எல்லா வீட்டிலும் பார்க்கிறதுதான். குறுக்கே வரிசையாக மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே குளிர் இறங்காமலிருக்கப் பரப்பிய கண்ணாடிநார்ப் பஞ்சு, நடுவில் ஹீட்டர் இருக்கும் பெரிய தகரப் பெட்டி, பெட்டியிலிருந்து நாலா பக்கமும் வளைந்து ஓடும் வெள்ளிநிறக் குழாய்கள். சட்டத்தின்மேல் மட்டும்தான் கால்வைக்க வேண்டும். பஞ்சில் மிதித்தால் நேரே யாராவது ஒருவர் படுக்கையில் போய் விழவேண்டியதுதான். குனிந்து, கையை ஊன்றி, சட்டம் சட்டமாகத் தாண்டிப் பெட்டியை அடைந்து அதன்மேல் கையை வைத்தான்.

சூடாக இருந்தது. இப்போதுதானே அணைத்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஃபேனைத் திறந்து பார்த்தான். நின்றுபோயிருந்தது. இணைப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தான். படுக்கையறை, இன்னொரு படுக்கையறை, சமையலறை, கூடம். கை நின்றது.

கீழே ஆறு துவாரம்தான். பெட்டியிலிருந்து ஏழு குழாய் போயிற்று.

ஏழாவது மற்றவற்றைவிட ஒல்லியாக, புதிதாக இருந்தது. பெட்டியில் அதைப் பொருத்தியிருந்த விதம் ரொம்ப நேர்த்தி. பட்டையை இறுக்கி, அதன்மேல் டேப்பைச் சுற்றி, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்து ஒட்டியிருந்தார்கள். அந்தக் கைவேலையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அது கூரை சரிந்து இறங்குகிற மூலையை நோக்கி ஓடியது. அந்தப் பக்கம் கீழே அறையே கிடையாது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் மெல்ல உப்பியது. அப்புறம் தளர்ந்தது.

காற்றுக்காக இருக்கும் என்று நினைத்தான். ஓட்டுச் சந்து வழியாக வெளிக்காற்று புகுந்தால் இப்படி ஆகும்தான். ஆனால் வெளியே காற்றே இல்லை. குழாய் மறுபடி உப்பியது. தளர்ந்தது. அவசரமே இல்லாமல். அணைத்துப்போட்ட மிஷின் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கூரை முழுக்க ஒரே ஒரு சத்தம்தான். கடற்கரையில் தூரத்தில் அலை வந்து திரும்புவதுபோல, மூலையிலிருந்து, இழுத்து இழுத்து விடுகிற ஒரு சத்தம்.

இறங்கிவிடலாம். ஏழு குழாய் இருக்கிறது, யாரையாவது அனுப்புங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அனுப்ப யார் இருக்கிறார்கள்? நாளைக்கு இவனே திரும்ப வரவேண்டும். அந்த ஒரு நினைப்பே அலுப்பாக இருந்தது. இப்போதே பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று குழாயின் பக்கமாக நகர்ந்தான்.

மூலைக்குப் போகப்போகக் கூரை தாழ்ந்தது. முழங்காலில் ஊர்ந்தான். அந்த இனிப்பு வாடை கெட்டியானது. கை தவறிப் பஞ்சின்மேல் பட்டபோது தோல் அரிக்கும் என்று பயந்தான். அரிக்கவில்லை. பல நாள் படுத்துப் பழகிய மெத்தை மாதிரி அமுங்கியது.

விளக்கு முதலில் காலைக் காட்டியது. காலுறை போட்ட இரண்டு பாதம். பிறகு கம்பெனிச் சீருடையின் நீலக் கால்சட்டை. வயிற்றின்மேல் கோத்துவைத்த கைகள். பக்கத்துச் சட்டத்தின்மேல், மடக்கிவைத்த ஒரு தடித்த மூக்குக்கண்ணாடி.

சோடாபுட்டி மல்லாந்து படுத்திருந்தான். ஏழாவது குழாய் அவன் முகத்தில்தான் முடிந்தது. மூக்கையும் வாயையும் மூடி, தாடை வரைக்கும் கச்சிதமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் டேப் ஒட்டியிருந்தது. நெஞ்சு ஏறியது. குழாய் தளர்ந்தது. நெஞ்சு இறங்கியது. குழாய் உப்பி, அந்த உப்பல் வெதுவெதுப்பாகப் பெட்டியை நோக்கி நகர்ந்து போயிற்று.

ஆள் இளைக்கவில்லை. தாடி வளரவில்லை. முகம் வழவழவென்றிருந்தது. கூடவே வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அலுப்பு இல்லாமல் ஒட்டடை பார்த்ததே இல்லை.

கத்துவதற்கு மூச்சு இல்லை. கை மட்டும் தானாகப் போயிற்று. டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பி, பிய்த்து, குழாயை முகத்திலிருந்து இழுத்தான். ஈரமான சத்தத்தோடு வந்தது. கீழே எங்கேயோ, ஒரே சமயத்தில், மூன்று பேர் தூக்கத்தில் முனகினார்கள்.

மூன்று பேர். அந்த அம்மாள் விழித்துக்கொண்டு ஏணியடியில் நிற்கிறாள். கணவர் ஒருவர், மகன் ஒருவன். மூன்றாவது யார்?

சோடாபுட்டியின் கண் திறந்தது. கண்ணாடி இல்லாத கண். விளக்கைப் பார்த்துச் சுருங்கியது.

"டேய்" என்றான் ஒட்டடை. "எழுந்திருடா. வா, போயிடலாம்."

சோடாபுட்டியின் உதடு அசைந்தது. ரொம்ப நாள் பேசாத உதடு. வார்த்தை காய்ந்து வந்தது.

"தூங்க விடுடா."

வயிற்றின்மேலிருந்த கை எழுந்தது. ஒட்டடையின் பிடியிலிருந்த குழாயைத் தொட்டு, மெதுவாக வாங்கிக்கொண்டது. முகத்தில் வைத்தது. கட்டைவிரலால் டேப்பை, ஓரம் ஓரமாக, நிதானமாக, அழுத்தித் தேய்த்தது. ஒரு சுருக்கம் இல்லாமல். கண் மூடிக்கொண்டது. நெஞ்சு ஏறியது.

ஒட்டடை பின்பக்கமாகவே ஊர்ந்தான். முழங்கால் சட்டத்தில் இடித்தது. உறைக்கவில்லை. திறப்பு. திறப்பின் சதுர வெளிச்சம். அதை மட்டும் பார்த்தான். பாதி தூரத்தில் அந்த வெளிச்சத்தை ஒரு தலை மறைத்தது.

அந்த அம்மாள் ஏணியில் ஏறி நின்றிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. நோயாளியைப் பார்க்க வந்தவள் மாதிரி இருந்தாள்.

"உங்க வீட்ல இருந்து போன் வந்துச்சு தம்பி. இன்னைக்கு வர லேட்டாகும்னு சொல்லிட்டேன். அவசரமில்ல."

அவள் எதையோ உள்ளே தள்ளினாள். சட்டத்தின்மேல் சறுக்கிக்கொண்டு வந்து அவன் கையருகே நின்றது. ஒரு தலையணை. துவைத்த உறை போட்டது.

வழியை விடுங்கம்மா என்று சொல்ல நினைத்தான். வாயைத் திறந்ததும் கொட்டாவிதான் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டும் அளவுக்கு நீண்ட கொட்டாவி. அது முடிவதற்குள் மூடி சதுரத்தை நிறைத்து, சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஏணியை எடுத்துக்கொண்டு போகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

உடைத்துக்கொண்டு இறங்கலாம். இரண்டு சட்டத்துக்கு நடுவே ஒரு மிதி. சீலிங் தாங்காது. அது அவனுக்குத் தெரியும். மகளை நினைத்தான். வாசலில் மனைவி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பதை நினைத்தான். ஒரு மிதி. ஒரே ஒரு மிதி. காலைத் தூக்கினான். கால் எழுந்தது. பாதி எழுந்தது.

ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு மிதிக்கலாம்.

உட்கார்ந்தான். பஞ்சு அவனை வாங்கிக்கொண்டது. தோளுக்கு ஓர் இடம், இடுப்புக்கு ஓர் இடம், குதிகாலுக்கு ஓர் இடம் என்று ஏற்கெனவே குழிந்திருந்தது. தலையணை எப்படிக் கழுத்தடியில் வந்தது என்று தெரியவில்லை. எங்கிருந்தோ அலை வந்து திரும்பிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள் என்பது நினைவிருந்தது. அவர்கள் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தான். எல்லா முகமும் தூங்கிக்கொண்டிருந்தது.

தலைமாட்டில், எண்ணியபோது இல்லாத எட்டாவது குழாய் ஒன்று கிடந்தது. முனை சீராக வெட்டியிருந்தது. அதற்குள் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. காத்துக்கொண்டிருக்கிறவர்கள் வாங்குகிற மூச்சு.

அவன் அதைப் பார்க்கவில்லை. இருட்டில், நெற்றி விளக்கின் மங்கிய வெளிச்சத்தில், தன்னுடைய இரண்டு கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவை இடுப்பு பெல்ட்டிலிருந்து டேப் உருளையை எடுத்து, மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி, நகத்தால் அதன் நுனியைத் தேடிக்கொண்டிருந்தன.